உடைமரங்களுக்கு நடுவே ஒரு சோளக்கொல்லைப் பொம்மை

ஒருவனுடைய பட்டா நிலத்தில் ஐம்பது உடைமரத்துக்கு மேல் நின்றால் அது காடு என்று ஆகிவிடும், காடு என்று ஆகிவிட்டால் வனத்துறை வந்து நிலத்தையே எடுத்துக்கொள்ளும் என்று நான் நம்பினேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. மூன்று நாள் முழுதாக, சோறு இறங்காமல், பனியன் நனைய நனைய நம்பினேன்.

சிரிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நான் யார் என்று தெரிந்தால் இன்னும் நன்றாகச் சிரிக்கலாம். சங்கரன்கோவிலில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், கூட்டுப்பட்டா பிரிப்பது, எல்லைத் தகராறு, ஓடைப் புறம்போக்கு, எதுவானாலும் மனு எழுதிக் கொடுப்பவன் நான். திருவேங்கடத்தில் தனித் தாலுகா வந்த பிறகும், பழைய பழக்கத்தை விடமுடியாமல் குருவிகுளத்திலிருந்து பஸ் ஏறி என் கடைக்கே வருகிறவர்கள் இருக்கிறார்கள். "அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார்கள். ஊருக்கெல்லாம் நிலச் சட்டம் சொல்லிக்கொண்டிருந்த வாய் இது. சொந்த நிலம் என்று வந்ததும் அந்த வாய் உலர்ந்துபோனது.

நிலம் என்றால் கரிவலத்துக்குப் போகிற வழியில் செம்மண் மேட்டில் மூன்று ஏக்கர். அப்பா காலத்தில் கம்பும் எள்ளும் விளைந்தது. என் கைக்கு வந்ததும் நான் புத்திசாலித்தனமாக மரம் வைக்க முடிவு செய்தேன். மரம் என்றால் எனக்கு மலையில் நிற்கிற மரம்தான். புளியங்குடிக்கு மேற்கே மலையைப் பார்த்து வளர்ந்தவன். காடு என்றால் அங்கேதான் இருக்கிறது, நம் பக்கம் நிற்பதெல்லாம் அடுப்புக்கும் வேலிக்கும் என்று நினைத்திருந்தேன். ஆகவே தேக்கு வைத்தேன். மகாகனி வைத்தேன். தேக்கு இரண்டாவது கோடையில் குச்சியானது. மகாகனி குச்சியாகக்கூட மிஞ்சவில்லை.

சரி, பழையபடி கம்பே விதைப்போம் என்று இறங்கி, உரத்துக்காக ஆட்டுக்காரர் ஒருவரிடம் கிடை போடச் சொன்னேன். கிடை போடுவது என்றால், ஆட்டு மந்தையைச் சில நாட்கள் நிலத்திலேயே அடைத்துவைப்பது. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். அவருடைய ஆடுகள் அந்தக் கோடையில் வேறெங்கோ உடைநெற்றாக, அதாவது உடைமரத்தின் காய்ந்த காய்களாகத் தின்றுவிட்டு வந்திருந்தன. அந்த வருடம் நான் கம்பு விதைக்கவில்லை. கடையில் புது மிஷின் இறக்குகிற மும்முரம். ஐப்பசி மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் நிலம் முழுக்க முள்ளும் முளையுமாகக் கிடந்தது. பிடுங்கிப் போடலாம் என்று நினைத்தேன். சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே வனவளர்ப்பு அந்தச் சோம்பேறித்தனம்தான்.

பதினைந்து வருடம் கழித்து, அங்கே அறுபத்துநான்கு உடைமரங்கள் நின்றன.

உடைமரத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கீழே கிளைகள் நாலாபக்கமும் பிரிந்து மேலேறி, உச்சி மட்டும் சீவிவிட்டது போலத் தட்டையாக இருக்கும். விரித்த குடைதான். வெள்ளை முள் ஊசி போல நீண்டிருக்கும். மார்கழி வாக்கில் வெள்ளைப் பூ உருண்டை உருண்டையாகப் பூக்கும். நெற்று சுருண்டு சுருண்டு தொங்கும். அறுபத்துநான்கு குடைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும்போது, உச்சி வெயிலில் ரோட்டிலிருந்து உள்ளே கால் வைத்தால் உடம்பு "அப்பாடா" என்னும். அடியில் புல். காக்கை போட்ட கொட்டையில் முளைத்த வேப்பங்கன்றுகள். ஓரத்தில் விடத்தலைப் புதர். கவுதாரி குடும்பத்தோடு குடியிருந்தது. மயில் வாடகை இல்லாமல் வந்து போனது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாரத்துக்கு ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "நான் வச்ச காடு" என்று போட்டேன். "ஓய், வெறகுக்கு வளத்ததக் காடுங்கீரு" என்று கடைக்கு வருகிறவர்கள் கிண்டல் பண்ணினார்கள். அதற்கும் அடுத்த நாள் இன்னொரு படம் போட்டேன்.

அந்தப் படங்களில் ஒன்று எங்கெங்கோ சுற்றி வனத்துறைக்குப் போய்விட்டது. சித்திரை கடைசியில் ஒரு திங்கட்கிழமை கடைக்கு போன் வந்தது. வனவர் பேசினார், ஒரு பெண்.

"சார், உங்க நிலத்துல உடைமரம் நல்லா வந்திருக்கு போல. படம் பாத்தோம். நேர்ல வந்து ஒவ்வொரு மரமா உயரம், சுத்தளவு எடுத்து எழுதணும். வியாழக்கிழமை காலையில வரலாமா?"

"தாராளமா வாங்க மேடம்" என்றேன். அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. போனை வைத்துவிட்டுப் பார்த்தால், ஆதார் கார்டுக்கு இரண்டு நகல் கேட்டவருக்கு இருபத்திரண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

ஏன் இந்தப் பயம் என்றால், ஐந்தாறு மாதமாகவே கடைக்கு வருகிறவர்கள் இந்த ஐம்பது மரக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொன்னால் தள்ளிவிடலாம். ஊருக்கு ஒருவர் சொல்கிறார்கள். அன்று மத்தியானமே சிட்டா நகலுக்கு வந்த குருவிகுளத்துக்காரர் ஒருவரைப் பிடித்து, யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன்.

"அந்த அம்பது மரச் சட்டம் நெசந்தானாவே?"

"நெசமாவா? எங்க ஊருல ரெண்டு பேரு வெட்டியே போட்டுட்டாவ. நீரு இங்கனயே கெடக்கீரு, தெரியாதாக்கும்?"

"யாரு சொன்னா?"

"தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரு சொன்னாராம். வெவரமான ஆளாம்."

எங்கள் தெருவில் என்னைத் தவிர இன்னும் இரண்டு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அவர்களில் ஒருவர் சொல்லியிருக்கிறார், அப்படியானால் உண்மைதான் என்று தீர்மானித்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர்கள் மேல் எனக்கு அவ்வளவு மதிப்பு.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "நெலம் போச்சுட்டீ."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "யாருக்குப் போச்சு?"

"வனத்துறைக்கு. வியாழக்கிழமை வாராவ."

"ஊரு பட்டாவெல்லாம் ஒங்க கையில. ஒங்க பட்டா மட்டும் ஓடிப்போகுதாக்கும்? போயி ஆபீஸ்ல ஒரு வார்த்த கேளுங்க."

கேட்டிருக்கலாம். கடையிலிருந்து பத்தடிதான். ஆனால் நான் போய் அங்கே கேட்டால், நாளைக்கு எவன் என்னிடம் மனு எழுத வருவான்? கௌரவம் கேட்கவிடவில்லை. அதற்குப் பதிலாக மூளை வேலை செய்யத் தொடங்கியது. என் மூளை வேலை செய்யத் தொடங்கினால் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வார்கள்.

திட்டம் எளிமையானது. காட்டை வயலாக மாற்றிக் காட்டவேண்டும். செவ்வாய்க்கிழமை காலை டிராக்டர் பிடித்து மரங்களுக்கு நடுவே உழச் சொன்னேன். இரண்டாவது சுற்றில் உடைமுள் டயரில் ஏறி டிராக்டர் உட்கார்ந்துவிட்டது. டிரைவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. உழுத மட்டுக்கும் சோளம் விதைத்தேன். சித்திரை வெயில், மண் பொரிந்துகொண்டிருக்கிறது, எங்கள் பக்கத்தில் புரட்டாசிக்கு முன் மானாவாரியில் ஒருவனும் கை வைக்கமாட்டான். நான் விதைத்தேன். விதைத்தால் போதாது, விவசாயம் நடக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியவேண்டாமா? சோளக்கொல்லைப் பொம்மை ஒன்று செய்தேன். என் பழைய கோடு போட்ட சட்டை, பையில் ஒரு பேனா, தலைக்குச் சட்டி. உடைமரங்களுக்கு நடுவே அதை நட்டுவைத்தேன்.

சாயங்காலம் தூக்குவாளியில் டீ கொண்டுவந்த மனைவி பொம்மையை மேலும் கீழும் பார்த்தாள். "ஒங்கள விட இதுக்கு மொகத்துல களை இருக்கு" என்றாள். டீயை முதலில் அதன் பக்கம் நீட்டினாள்.

செவ்வாய் முடிந்தது. பயம் முடியவில்லை. உழுதாலும் விதைத்தாலும் அறுபத்துநான்கு அறுபத்துநான்குதானே. பதினைந்து மரம் போனால் நாற்பத்தொன்பது. கணக்கு சரியாக வந்தது. புதன்கிழமை காலை மிஷின் ரம்பக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

எந்த மரத்தை முதலில் வெட்டுவது? நோஞ்சான் மரங்களை வெட்டினால் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் நான் புத்திசாலி. பெரிய மரம்தானே அதிகாரி கண்ணில் முதலில் படும்? ஆகவே இருப்பதிலேயே உயரமானது, கிழக்கு மூலையில் நின்றது, அதைக் காட்டினேன். ரம்பம் உறுமியது. பதினைந்து வருடத்து மரம் விழ ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. விழுந்ததும் அந்த இடத்தில் வெயில் தொப்பென்று வந்து உட்கார்ந்தது. கவுதாரிகள் சடசடவென்று பறந்தன. இருந்தாலும் அடுத்த மரத்தைக் காட்டினேன்.

"ஏலே, நிறுத்துலே!"

ஆட்டுக்காரர். அன்றைக்குக் கிடை போட்ட அதே மனிதர். என்னை விட நாலைந்து வயது மூத்தவர். தோளில் நீண்ட தொரட்டி, பின்னால் மந்தை. வருடா வருடம் சித்திரை, வைகாசியில் என் நிலத்துக்கு வந்து, தொரட்டியால் உலுக்கி, ஆடுகளுக்கு நெற்று உதிர்த்துவிடுவார். ரம்பக்காரர் ரம்பத்தை அணைத்தார்.

"என்னவே செய்யுதீரு?" என்றார் ஆட்டுக்காரர் என்னிடம்.

"வெட்டுதேன் அண்ணாச்சி. பதினஞ்சே பதினஞ்சு."

"எதுக்கு?"

சொன்னேன். ஐம்பது மரம், காடு, வனத்துறை, வியாழக்கிழமை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் பொம்மையைப் பார்த்தார். உழுத மண்ணைப் பார்த்தார். காலால் ஒரு சோள விதையைக் கிளறினார்.

"சித்திரையில எவன்வே சோளம் வெதைப்பான்?"

"அது வந்து, அண்ணாச்சி..."

"உம்ம நெலத்த எவன் கொண்டுபோனா எனக்கென்ன? வைகாசி முடிய என் ஆட்டுக்கு இந்த நெத்துதான் வயிறு. மரத்த வெட்டுனீரு, மந்தைய அப்படியே ஓட்டிக்கிட்டு வந்து உம்ம கடையில அடைச்சிருவேன். ஜெராக்ஸ் பேப்பரத் திங்கட்டும்."

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "மரம் என்னது. நான் வச்சது."

"நீரு வச்சீரா?" அவர் தொரட்டியை ஊன்றிக்கொண்டார். "நீரு வச்சது தேக்கு. எங்கன நிக்கு அது? காட்டும், பாப்போம். இது என் ஆடு போட்டதுவே. தின்ன கொட்டைய இங்கன வந்து போட்டுச்சு, மொளைச்சிது. நீரு போன்ல 'நான் வச்ச காடு, நான் வச்ச காடு'ன்னு போடுதீராமே. என் ஆட்டப் பத்தி ஒரு எழுத்து எழுதுனீரா?"

"அண்ணாச்சிகளா, வெட்டவா வேண்டாமா? ஒண்ணு சொல்லுங்க" என்றார் ரம்பக்காரர்.

ஆட்டுக்காரர் நான் காட்டிய மரத்தில் போய் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். அதற்குள் மந்தை உள்ளே நுழைந்து ஒவ்வொரு மரத்தடியிலும் நாலைந்தாகப் படுத்துக்கொண்டது. ரம்பக்காரர் ஆடுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க பேசி முடிச்சுட்டுக் கூப்பிடுங்க" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மிச்சம் அறுபத்துமூன்று. பதினான்கு அதிகம்.

வியாழக்கிழமை காலை. பட்டா, சிட்டா, அடங்கல், அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ரேஷன் கார்டு, எல்லாவற்றிலும் மூன்று மூன்று நகல், பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வனவர் பைக்கில் வந்து இறங்கினார். பின்னால் டேப்பும் நோட்டுமாக ஒரு வனக்காவலர். வனவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே கவரை நீட்டிவிட்டேன்.

"இதெல்லாம் எதுக்கு சார்?"

"ஒரு இதுக்கு மேடம்."

அவர் கவரை வாங்கவில்லை. அவர் பார்வை எனக்குப் பின்னால் போயிருந்தது. "அது யாரு சார்?"

"பொம்மை மேடம். சோளத்துக்கு."

"எந்தச் சோளத்துக்கு?"

நான் திரும்பிப் பார்த்தேன். பொம்மைக்குப் பக்கத்திலேயே நின்று, விதைத்ததில் மிச்சமிருந்ததை மயில் பொறுக்கிக்கொண்டிருந்தது. வனவர் நேரே மரங்களுக்குள் போனார். நிழலுக்குள் நுழைந்ததும் நடை மெதுவாகிவிட்டது. அண்ணாந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"சார், இந்த மாதிரி உடைமரம் கூட்டமா, நல்ல உச்சியோட நிக்கிறத நான் பாத்து ரொம்ப நாளாச்சு. எல்லாத்தையும் சின்னதுலயே வெட்டிர்றாங்க."

"வெறகுதானே மேடம்" என்றேன். எவ்வளவு தாழ்த்திப் பேசினால் அவ்வளவு நல்லது என்று கணக்கு.

"என்ன சார் நீங்க! ஒரு காட்டுல எந்த மரம் அதிகமா நின்னு, மத்த செடி கொடிக்கெல்லாம் நிழலும் இடமும் குடுக்குதோ, அதுதான் அந்தக் காட்டுக்குத் தலைமை மரம். அத வச்சுத்தான் காட்டையே வகை பிரிப்போம். மலையில தேக்கு அதிகமா நின்னா அது தேக்குக் காடு. நம்ம தென்பக்கத்து வறண்ட காட்டுக்கு எங்க புஸ்தகத்துல குடைமுள் காடுன்னே பேரு. இந்த மரத்துனாலதான் அந்தப் பேரு."

நான் நாற்பத்தெட்டு வருடம் மேற்கே மலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவன். தேக்குக்கு ஒரு காடு உண்டென்றால் எங்கள் உடைக்கும் ஒரு காடு உண்டு, அதுவும் எங்கள் செம்மண்ணில் உண்டு என்பதை ஒருத்தர் நோட்டும் டேப்புமாக வந்து சொல்லவேண்டியிருந்தது. மார்பு என்னை அறியாமலே முன்னால் வந்தது. பயத்துக்கு மேலே பெருமை ஏறி உட்கார்ந்துவிட்டது. "இங்கன பாருங்க மேடம், வேப்பங்கன்னு. இதுக நிழல்ல தானா வந்தது" என்று நானே சுற்றிக் காட்ட ஆரம்பித்தேன்.

"அதுதான் சார் இதோட வேலையே. வெயில மறைக்கும், எல விழுந்து மண்ணுக்கு ஒரமாகும், பின்னாடி வர்ற மரத்துக்கு எடம் பண்ணிக் குடுக்கும்."

பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். நாற்றங்காலுக்கு விதை வேண்டும். கிடைக்கிற மரத்திலெல்லாம் விதை எடுப்பதில்லை. ஒரே வயதில் ஒரே மண்ணில் நின்றாலும் சில மரம் தலை தூக்கும், சில மரம் மற்றதன் நிழலில் அமுங்கிப் போகும். தலை தூக்கி, உச்சி விரிந்து, நோயில்லாமல் நிற்பதைத்தான் தாய்மரமாகத் தேர்ந்தெடுத்து எண் போடுவார்கள். அதற்குத்தான் உயரமும் சுற்றளவும். ஒவ்வொரு மரமாக அளந்து ஏழு மரத்தில் மஞ்சள் பெயிண்டால் எண் எழுதினார்கள். எண் விழ விழ, பிள்ளை பரிசு வாங்குவதைப் பார்க்கிற தகப்பன் மாதிரி நின்றேன்.

கிழக்கு மூலைக்கு வந்தார்கள். அடிக்கட்டையில் ஈரம் இன்னும் காயவில்லை. பக்கத்தில் மரம் கிடந்தது. காவலர் கிடந்த மரத்தையே டேப் வைத்து அளந்தார். நோட்டில் இருந்த ஏழையும் விட அது நீளம்.

"எப்ப சார் வெட்டுனது?"

"நேத்து மேடம்."

"எதுக்கு?"

ஆட்டுக்காரர் அங்கேயே நின்றிருந்தார். நான் வாய் திறக்காவிட்டால் அவர் திறந்துவிடுவார். சொன்னேன்.

"பட்டா நிலத்துல உடைமரம் வளந்துச்சுன்னு நிலத்த எடுக்கிற சட்டமெல்லாம் கிடையாது சார்" என்றார் வனவர். கோபமில்லை, அலுப்புதான் தெரிந்தது. "குருவிகுளம் பக்கத்துலயும் இந்தப் பேச்சக் கேட்டு வெட்டியிருக்காங்க. உங்க ஊரு ஜெராக்ஸ் கடைக்காரர் யாரோ கிளப்பிவிட்டது. அவரு மட்டும் எங்கிட்ட மாட்டட்டும்."

அந்த நிமிடத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. போன ஐப்பசியில் ஒரு மழைநாள். கரண்ட் இல்லை. கடையில் ஒதுங்கியிருந்த ஒருவர், நிலத்தில் உடைமரம் மண்டிக் கிடக்கிறது, ஏதும் தொந்தரவு வருமா என்று கேட்டார். எனக்குப் பொழுது போகவில்லை. முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "அம்பது தாண்டிச்சுன்னா காடுன்னு எழுதிருவான்வே" என்று நான்தான் சொன்னேன். ஐம்பது ஏன் என்றால், அவர் ஏதோ ஒரு விசேஷப் பத்திரிகைக்கு ஐம்பது நகல் கேட்டிருந்தார். கரண்ட் வந்ததும் அவர் போய்விட்டார். அது விளையாட்டு என்று சொல்ல மறந்துவிட்டேன். பிறகு நானே அதை மறந்துவிட்டேன்.

"மேடம், அந்தக் கடைக்காரன் நான்தான்" என்றேன்.

ஆட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் மந்தை மிரண்டு எழுந்து நின்றது. "அட பாவி மக்கா! நீரு வெட்டுன குழியில நீரே விழுந்துட்டு, என் ஆட்டு நெத்துக்குமா உல வச்சீரு!"

வனவர் சிரிக்கவில்லை. கட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "வெட்டுனவங்க வீட்டுக்கு நீங்களே போயி சொல்லிருங்க சார்" என்றார். அப்புறம் நோட்டைத் திருப்பி, "இந்த மரங்கள யாரு வளத்ததுன்னு போடட்டும்?" என்று கேட்டார்.

பதினைந்து வருடமாகச் சொல்லிவந்த பதில் நாக்கு நுனி வரை வந்தது. தொரட்டி ஊன்றிய ஆள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சியோட ஆடு, மேடம். காவலுக்கு மட்டும் நான்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நிமிர்ந்து நின்றார். வனவருக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது. ஆடு தின்று போட்ட கொட்டை நன்றாக முளைக்கும், கிடை மண்ணிலிருந்து சலித்தெடுக்கலாமா என்று அவரிடமே அனுமதி கேட்டார். "அள்ளிக்கோங்க தாயி" என்றார் பெரிய ஜமீன்தார் மாதிரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குருவிகுளத்துக்குப் போய் இரண்டு வீட்டிலும் உண்மையைச் சொன்னேன். ஒருவர் மோர் கொடுத்தார். இன்னொருவர் கொடுத்ததை எழுத முடியாது. வெட்டின அடியிலிருந்து இருவர் நிலத்திலும் துளிர் வந்திருந்ததை இருவருமே காட்டினார்கள்.

என் நிலத்தில் அறுபத்துமூன்று மரம் நிற்கிறது. ஏழில் மஞ்சள் எண் இருக்கிறது. வனத்துறை அந்த வருடம் எடுத்துப்போனது இரண்டு மூட்டை உடைநெற்றும் ஒரு மூட்டை ஆட்டுப் புழுக்கையும். பட்டா என் பெயரில் இருக்கிறது.